மழை மாலையில் வாய்விட்டுப் படிப்போம்



மார்கழி பிறக்கப் போகிறது. நம் சிங்கப்பூருக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், பாசிர் ரிஸ் பக்கம் காற்றே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பூங்காவில் சைக்கிள் ஓட்டப் போக முடியாது. கடற்கரைப் பக்கம் நடக்க முடியாது. பள்ளி விடுமுறை வேறு. சாயங்காலமே வானம் இருட்டிக்கொண்டு வரும். எல்லாரும் வீட்டுக்குள்தான் இருப்போம். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஐந்து பேர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கும். வீடு நிறைய ஆள் இருந்தும் பேச்சுச் சத்தம் இருக்காது.

இந்த மழை மாலைகளை என்ன செய்வது? நம் முன்னோர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

கேரளத்தில் ஆடி மாத மழைக்குக் கர்க்கடக மழை என்று பெயர். வேலைக்குப் போக முடியாது, கையில் காசு இருக்காது, நோய் வரும். அந்தக் கஷ்டமான மாதத்துக்கு அவர்கள் ராமாயண மாதம் என்று பெயர் வைத்தார்கள். மாலையில் விளக்கேற்றி, எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணத்தை வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மாதத்தின் முதல் நாள் தொடங்கி, கடைசி நாளில் முடிப்பார்கள். இன்றும் அந்த வழக்கம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் புராண படனம் என்று ஒரு வழக்கம் உண்டு. கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிபுரத்தில் பாடிய கந்தபுராணத்தைக் கோயிலில் வைத்துப் படிப்பார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார். பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் அதற்குப் பயன் சொல்வார், அதாவது பொருள் விளக்குவார். படிக்கத் தெரியாதவர்களும் இப்படிக் கேட்டே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுள்ள ஒரு பெரிய நூலின் கதையைத் தெரிந்துகொண்டார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அந்த ஊர் வாழ்க்கைக்கே கந்தபுராண கலாசாரம் என்று பெயர் கொடுத்தார். ஒரு புத்தகத்தை ஊரே சேர்ந்து உரக்கப் படித்ததால் ஒரு கலாசாரம் உண்டானது.

சரி, ஏன் உரக்கப் படிக்க வேண்டும்? மனசுக்குள்ளே படித்தால் போதாதா? இளையர்கள் கேட்கிற நியாயமான கேள்விதான் இது. இதற்கு நம் சமய வரலாற்றிலேயே இரண்டு கதைகள் பதில் சொல்கின்றன. ஒன்று சைவம், ஒன்று வைணவம். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

முதலாவது தேவாரத்தின் கதை. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய பதிகங்களைத் தேடி ராஜராஜ சோழன் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியிடம் போனான். ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடப்பதாக நம்பி சொன்னார். தில்லைவாழ் அந்தணர்களோ, "பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும்" என்றார்கள். அரசன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறக்க வைத்தான். உள்ளே என்ன இருந்தது? புற்று! ஏடுகளைக் கரையான் மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தபோது பெரும்பகுதி போயிருந்தது. மிஞ்சியதைத்தான் இன்று நாம் ஓதுகிறோம்.

அதோடு முடியவில்லை. பாட்டு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எந்தப் பாட்டை எந்தப் பண்ணில் பாடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்மணிக்கு அது தெரிந்திருந்தது. அவரைக் கொண்டுதான் பண்ணை வகுத்தார்கள். யோசித்துப் பாருங்கள். பூட்டி வைத்த ஏடு அழிந்தது. ஒரு குடும்பத்தில் வாய் வழியாக வந்த பாட்டு அழியவில்லை.

இரண்டாவது நாலாயிர திவ்யப் பிரபந்தத்தின் கதை. நாதமுனிகள் காட்டுமன்னார்கோயிலில் இருந்தவர். ஒரு நாள் தெற்கேயிருந்து வந்த யாத்திரிகர்கள் சிலர் பெருமாள் சந்நிதியில் நம்மாழ்வாரின் பத்துப் பாசுரங்களைச் சேவித்தார்கள். ஆயிரத்துள் இவை பத்து என்ற குறிப்பு கடைசிப் பாசுரத்தில் வந்தது. நாதமுனிகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மீதி எங்கே?" என்று கேட்டார். "எங்களுக்கு இந்தப் பத்துதான் தெரியும் சாமி" என்றார்கள். அவர் விடவில்லை. கும்பகோணம் போனார், பிறகு ஆழ்வார்திருநகரி போனார். அங்கே மதுரகவியாழ்வாரின் பதினொரு பாசுரத்தை 12,000 முறை ஓதி, நம்மாழ்வாரின் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை சொல்லும் செய்தி. பெற்றதை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? தன் மருமக்கள் இருவரிடம்! கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்ற அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இசையோடு சொல்லிக் கொடுத்தார்.

அந்த யாத்திரிகர்கள் பண்டிதர்கள் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்த பத்தைச் சத்தமாகச் சேவித்தார்கள், அவ்வளவுதான். வாய்க்குள் முணுமுணுத்திருந்தால் நாதமுனிகள் காதில் விழுந்திருக்குமா? நாலாயிரம் நமக்குக் கிடைத்திருக்குமா?

ஆகவே பிள்ளைகளே, தெரிந்தது பத்து வரியானாலும் காதில் விழும்படி படியுங்கள். யார் காதில் விழுந்து, அது எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது.

இதில் சமய தத்துவமும் இருக்கிறது. பாகவதத்தில் பிரகலாதன் ஒன்பது விதமான பக்தியைச் சொல்கிறான். முதலாவது சிரவணம், அதாவது கேட்பது. இரண்டாவது கீர்த்தனம், அதாவது வாயால் சொல்வது. கோயில் கட்டுவதோ, பெரிய அபிஷேகம் செய்வதோ முதலில் வரவில்லை. கேட்பதும் சொல்வதும்தான் முதலில் வருகின்றன. ஒரு வீட்டில் ஒருவர் உரக்கப் படித்தால், படிப்பவர் கீர்த்தனம் செய்கிறார், கேட்பவர்கள் சிரவணம் செய்கிறார்கள். காசு செலவில்லாமல் ஒரே நேரத்தில் இரண்டு பக்தியும் வரவேற்பறையிலேயே நடந்துவிடுகிறது.

யார் படிப்பது, யார் கேட்பது? பெரியவர்கள் படிக்க வேண்டும், சிறியவர்கள் கேட்க வேண்டும் என்று நினைக்கிறோம். ராமாயணத்தைப் பாருங்கள். அது முதன்முதலில் அரங்கேறியது எப்படி? லவனும் குசனும் பாடினார்கள், ராமன் கேட்டான். பிள்ளைகள் சொல்ல, அப்பா கேட்டார். ராமன் அந்தச் சபையில் தானும் ஒருவனாக மெல்லச் சேர்ந்து, மனம் ஒன்றிக் கேட்டான் என்கிறார் வால்மீகி. கேட்பது அவனுடைய சொந்தக் கதை! அரசன் அவன், எத்தனையோ வேலை இருந்திருக்கும். இருந்தாலும் உட்கார்ந்து கேட்டான். அப்பாமார்களே, இது நமக்குச் சொன்னது. பிள்ளை படிக்கும்போது கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். பிள்ளை திக்கித் திக்கிப் படித்தாலும் பரவாயில்லை.

இப்போது நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர்வாசிகளில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசியவர்கள் 3.3 விழுக்காடு. 2020-ல் அது 2.5 விழுக்காடு. பத்தே வருஷத்தில் இந்தக் குறைவு. பள்ளியில் தமிழ் இருக்கிறது, வானொலி தொலைக்காட்சியில் இருக்கிறது, எம்ஆர்டி அறிவிப்பில்கூட இருக்கிறது. குறைவது வீட்டுக்குள்ளேதான்.

எண்ணாகச் சொன்னால் மனசில் ஒட்டாது. எங்கள் வீட்டைச் சொல்கிறேன். என் அம்மா ஜோகூரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை, எழுதப் படிக்கத் தெரியாது. என் மகன் உயர்நிலை இரண்டு, மகள் தொடக்கநிலை நான்கு. பாட்டிக்கு ஆங்கிலம் வராது, பிள்ளைகளுக்குத் தமிழில் நாலு வாக்கியத்துக்கு மேல் வராது. பாசிர் ரிஸ்ஸில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் அவர்களுக்குள் நடந்த பேச்சு என்ன? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன் பாட்டி." "மழை வருது, குடை எடுத்துக்க." "ஓகே பாட்டி." இதுதான் வருஷக்கணக்கில் நடந்தது. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. பேசுவதற்குப் பொதுவாக ஒரு விஷயம் இல்லை.

போன வருஷம் டிசம்பர் விடுமுறையில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் ராஜாஜியின் சக்கரவர்த்தித் திருமகனைப் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். சின்னச் சின்ன வாக்கியங்கள், சின்னச் சின்ன அத்தியாயங்கள். மகள் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், பிறகு நானோ என் கணவரோ. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார். முதல் ஒரு வாரம் பிள்ளைகள் முனகிக்கொண்டேதான் வந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜடாயு வருகிற இடம். சீதையைத் தூக்கிக்கொண்டு போகும் ராவணனை ஒரு கிழட்டுப் பறவை தடுக்கிறது. வயசாகிவிட்டது, ஜெயிக்க முடியாது என்று அதற்கே தெரியும். இருந்தும் சண்டை போடுகிறது, சிறகு வெட்டுப்பட்டு விழுகிறது. ராமன் வந்ததும் சேதியைச் சொல்லிவிட்டு உயிரை விடுகிறது. ராமன் அதற்கு மகன் ஸ்தானத்தில் இருந்து ஈமக்கடன் செய்கிறான். மகள் படித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால், பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"பாட்டி, ஏன் அழறீங்க?"

"ஒண்ணுமில்ல சாமி. எங்கப்பாரு இந்த எடத்துக்கு வந்தா நிறுத்திருவாரு. கொஞ்ச நேரம் படிக்க மாட்டாரு. நாங்க எல்லாம் வெளக்கையே பாத்துக்கிட்டு இருப்போம்."

"உங்க அப்பாவும் படிப்பாங்களா?"

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பாட்டி பேசினார். தோட்டத்து லயத்தில் வேலை முடிந்த பிறகு அவர் அப்பா மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு படித்தது, பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் வாசலில் வந்து உட்கார்ந்தது, ராமாயணம் முடிந்தால் பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, அதுவும் முடிந்தால் நல்லதங்காள் கதை, அதைக் கேட்டு எல்லாரும் அழுதது. எனக்கே இதெல்லாம் தெரியாது. ஐம்பது வயதில், என் தாத்தா ஒரு படிப்பாளி என்பதை என் மகளின் கேள்வியால் தெரிந்துகொண்டேன். மகனுக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. "லயம்னா என்ன? மண்ணெண்ணெய்னா என்ன?" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான். அந்தத் தமிழ் எந்தத் துணைப்பாட வகுப்பிலும் கிடைக்காது.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். அவருக்குள் ஓர் அறை பூட்டிக் கிடக்கும். தில்லையில் கதவு திறக்க அரசன் வர வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் தொடக்கநிலை நான்கு படிக்கிற பிள்ளை போதும். கரையான் வருவதற்குள் திறந்துவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வயதானவர்களின் நினைவு எத்தனை நாள் இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

"அர்த்தம் புரியாம படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் ஓர் இளையர் கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு நம் பக்கத்து நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பாங்காக்கில் பெரிய ஊஞ்சல் பார்த்திருப்பீர்கள், சிவப்பு வண்ணத்தில் வானளாவ நிற்கும். அதன் பக்கத்தில் அரண்மனைப் பிராமணர்களின் கோயில் இருக்கிறது. அங்கே நடந்த ஊஞ்சல் விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். காதில் விழுகிறதா? நம் திருவெம்பாவை, திருப்பாவைதான்! ஊஞ்சல் ஆடுவது 1935-ஓடு நின்றுவிட்டாலும், கோயில் சடங்கில் ஓதுவது தொடர்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பொருள் தெரியாமல் ஓதி ஓதி, தமிழ் என்றே அடையாளம் தெரியாத அளவுக்கு ஒலி மாறிப்போனது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, வாய்விட்டு ஓதியதால் கடல் கடந்தும் அது உயிரோடு இருக்கிறது. அதை நாம் வணங்க வேண்டும். இரண்டு, பொருள் சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஒலியும் மெல்ல மெல்லக் கரையும். அதனால்தான் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் படிக்க ஒருவர், பயன் சொல்ல ஒருவர் என்று இரண்டு பேரை உட்கார வைத்தார்கள். அந்த முறைதான் நம் வீட்டுக்கும் சரியான முறை.

எப்படித் தொடங்கலாம்? எங்களுக்குப் பயன்பட்டதைச் சொல்கிறேன்.

மார்கழிக்கு ஏற்ற அளவு ஏற்கெனவே அமைந்திருக்கிறது. ஆண்டாளின் திருப்பாவை 30 பாசுரம். மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, சேர்த்தால் அதுவும் 30. நாளுக்கு ஒன்று வீதம் மாதம் முழுக்க வரும். இவை விடியற்காலையில் ஓத வேண்டியவை என்பது உண்மைதான். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு விடியலில் போக முடிந்தவர்கள் கட்டாயம் போங்கள். பாசிர் ரிஸ்ஸிலிருந்து அந்த நேரத்துக்குக் குடும்பத்தோடு போய்ச் சேர்வது எல்லாராலும் முடியாது. முடியாதவர்கள் மாலையில் விளக்கேற்றிப் படித்தால் ஆண்டாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

முதலில் ஒருவர் பாட்டைப் படிக்கட்டும். பிறகு இன்னொருவர் உரை பார்த்து இரண்டே நிமிஷத்தில் பயன் சொல்லட்டும். தமிழில் சொல்ல வராத பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும், தடுக்காதீர்கள். பாட்டு தமிழில் இருக்கட்டும், பயன் அவரவர் வாயில் வருகிற மொழியில் வரட்டும். கொஞ்ச நாளில் தமிழ் தானாக வரும்.

படிக்கும்போது தப்பு வந்தால் உடனே திருத்தி அவமானப்படுத்தாதீர்கள். ழகரம் வராவிட்டால், அடுத்து உங்கள் முறை வரும்போது அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லுங்கள், பிள்ளை கேட்டுக்கொள்ளும். இது தேர்வு அல்ல, மதிப்பெண் கிடையாது.

பாட்டு கடினம் என்றால் கதையில் தொடங்குங்கள். ராஜாஜியின் ராமாயணம், மகாபாரதம் இருக்கின்றன. நாயன்மார் கதைகள் சிறுவர்களுக்கேற்ற உரைநடையில் இருக்கின்றன. நூலகத்தில் தமிழ்ப் பகுதிக்குப் பிள்ளையையே அழைத்துக்கொண்டு போய், புத்தகத்தை அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். தாங்களே எடுத்த புத்தகம் என்றால் ஆர்வம் வரும்.

கால் மணி நேரம் போதும். சேக்கிழார் பெரியபுராணத்தைத் தில்லையில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் விரித்துரைக்கத் தொடங்கி, அடுத்த சித்திரைத் திருவாதிரையில்தான் முடித்தார் என்பார்கள். ஒரு வருஷம்! அரசனும் உட்கார்ந்து கேட்டான். நமக்கு என்ன அவசரம்?

வீட்டில் ஒருவர் இல்லை என்றாலும் விடாதீர்கள். அண்ணன் தேசிய சேவையில் முகாமில் இருக்கலாம், அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட் இருக்கலாம். கைத்தொலைபேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுப் படியுங்கள். வீட்டில் பிரிக்கிற அதே கருவி அப்போது சேர்க்கிற கருவியாகும்.

துணை இல்லாமல் தனியாக இருக்கிற பெரியவர்கள் நம் புளோக்கிலேயே இருக்கிறார்கள். இளையர்களே, இந்த மார்கழியில் வாரம் ஒரு நாள் அப்படி ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, "ஆண்ட்டி, ஒரு பாட்டு படிச்சுக் காட்டவா?" என்று கேளுங்கள். நம் அமைப்பில் செய்கிற எத்தனையோ தொண்டுகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும். கண் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுவதும் கோயிலில் விளக்கேற்றுவது போன்ற புண்ணியம்தான்.

மார்கழி முதல் நாள் மாலையில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சாமி அறையில் விளக்கேற்றுங்கள். வீட்டில் எல்லாரையும் கூப்பிடுங்கள். வீட்டிலேயே சின்னப் பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுங்கள். தெரிந்த பத்து வரியைச் சத்தமாகப் படிக்கட்டும்.

படிக்கிற வாய்க்கும் கேட்கிற செவிக்கும் எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.